குழாய் வழியே வடசென்னை: தொலை லென்ஸின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

2023 டிசம்பரில் எண்ணூரிலிருந்து வெளியே போன படங்களை இரண்டு குவியல்களாகப் பிரித்துவிடலாம். மிக்ஜாம் புயலின் வெள்ளத்தோடு மணலி சி.பி.சி.எல். சுத்திகரிப்பு ஆலை வளாகத்திலிருந்து கலந்துவந்த எண்ணெய், பக்கிங்ஹாம் கால்வாயில் இறங்கி, கொசஸ்தலை ஆற்றில் சேர்ந்து, முகத்துவாரம் வரை படர்ந்திருந்த நாட்கள் அவை. முதல் குவியலில் இருப்பவை கூழைக்கடாக்கள். வெளுத்த சிறகுகள் தார் பூசியதுபோல ஒட்டிக் கிடக்கின்றன. பின்னணி முழுவதும் பாலாகக் கரைந்துபோயிருக்கிறது. பறவையின் கண் மட்டும் ஊசிமுனைக் கூர்மையோடு நம்மைப் பார்க்கிறது. இரண்டாவது குவியலில் இருப்பவர்கள் ஆட்கள். முழங்கை வரை எண்ணெய் அப்பிய கைகள், நிறம் மாறிப்போன ஃபைபர் படகுகள், வலையை வெளியே இழுத்துப் போட்டுவிட்டு இனி இதை என்ன செய்வது என்று நிற்கிற ஒருவரின் முதுகு. இவற்றில் பல கைபேசியில் எடுத்தவை. சாய்ந்தும் கலங்கியும் இருப்பவை. முதல் குவியல் செய்தித்தாள்களின் முன்பக்கத்துக்கும் ஆங்கிலச் சூழலியல் இதழ்களுக்கும் போனது. இரண்டாவது குவியலில் பெரும்பகுதி, என் கண்ணுக்குப் பட்டவரை, வாட்ஸ்அப் குழுக்களிலேயே தங்கிப்போனது.

பறவையா மனுஷனா என்று பட்டிமன்றம் நடத்துவது என் வேலை அல்ல. கூழைக்கடா எண்ணெயில் நனைந்தால் அது தின்கிற மீனும் நனைந்திருக்கும். அந்த மீனைப் பிடிக்கிறவர் வீட்டு அடுப்பும் அணைந்திருக்கும். இரண்டும் ஒரே கணக்குத்தான். நான் கேட்பது வேறு. கூர்மை ஏன் ஒரு குவியலுக்கும் கலங்கல் ஏன் இன்னொரு குவியலுக்கும் போய்ச் சேர்கிறது? இது எதேச்சையானதா?

இந்தக் கேள்வி எனக்குப் புத்தகத்திலிருந்து வரவில்லை, ஒரு சண்டையிலிருந்து வந்தது. அந்த வெள்ளத்துக்குப் பிறகு நாங்கள் ஏழெட்டுப் பேர், ராயபுரத்துக்கும் திருவொற்றியூருக்கும் இடைப்பட்டவர்கள், கூட்டாகக் காசு போட்டு ஒரு கேமரா வாங்குவது என்று முடிவு செய்தோம். பாடி எது என்பதில் பெரிய தகராறு வரவில்லை. லென்ஸில்தான் முட்டிக்கொண்டது. "பெருசா ஒண்ணு வாங்கு, 600 மி.மீ., அக்கரையில இருக்கற கம்பெனிக்காரன் மூக்கு முடி வரைக்கும் தெரியணும்" என்றார் ஒருவர். "50 போதும்யா, கிட்டப் போய் எடு" என்றார் இன்னொருவர். மூன்று வாரம் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தார்கள். இருவருமே அரசியல்தான் பேசினார்கள் என்பதை அப்போது நான் உணரவில்லை. ஏதோ கடைச்சாமான் விஷயம் என்று நினைத்துவிட்டேன்.

கடைச்சாமான் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் வெறும் தத்துவமாகிவிடும். 1999இல் வந்த கேனன் 600 மி.மீ. எஃப் 4 லென்ஸின் எடை 5.36 கிலோ. 2018இல் வந்த அதன் மூன்றாம் பதிப்பு 3.05 கிலோ. இன்று இவ்வகை லென்ஸ் புதிதாக வாங்கினால் பத்து லட்சம் ரூபாயைத் தாண்டும். அந்தக் காசுக்குள் ஒரு ஃபைபர் படகு, எஞ்சின், வலை எல்லாம் முடிந்துவிடும். ஏழைபாழைகளுக்கென்று வந்தவை 2013ஆம் ஆண்டு இறுதியில் டாம்ரானும் அடுத்து சிக்மாவும் கொண்டுவந்த 150–600 மி.மீ. ஜூம்கள். ஏறத்தாழ 2 கிலோ எடை, லட்சம் ரூபாயை ஒட்டி விலை. இவற்றில் துளை சிறியது, ஆகவே வெளிச்சம் குறைவாகப் போகும். விடியற்காலையில் தடுமாறும். நாங்கள் வாடகைக்கு எடுத்துச் சோதித்தது இந்த ரகத்தில் ஒன்றைத்தான்.

*

முதலில் ஒரு மூடநம்பிக்கையைக் களைந்துவிட வேண்டும். தொலை லென்ஸ் தூரத்தைச் 'சுருக்குகிறது', பின்னால் இருப்பதை முன்னால் இழுத்துக்கொண்டு வருகிறது என்று படக்கலை வகுப்புகளிலும் சினிமாக்காரர்களிடையிலும் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். அது உண்மையல்ல. ஒரு படத்தில் பொருள்கள் ஒன்றுக்கொன்று என்ன அளவில் தெரியும் என்பதைத் தீர்மானிப்பது லென்ஸ் அல்ல, நீங்கள் நிற்கிற இடம். ஒரு படகு, அதற்குப் பின்னால் 2 கிலோமீட்டரில் அனல்மின் நிலையப் புகைபோக்கி என்று வைத்துக்கொள்வோம். படகிலிருந்து 20 மீட்டரில் நின்று 40 மி.மீ. லென்ஸில் எடுத்தால் படகு பெரிதாகவும் புகைபோக்கி தீக்குச்சியாகவும் விழும். 300 மீட்டர் பின்னால் போய் 600 மி.மீ. லென்ஸில் எடுத்தால் படகு அதே அளவில் இருக்கும். புகைபோக்கியோ பதின்மூன்று மடங்கு வளர்ந்து படகின் முதுகில் ஏறி உட்கார்ந்திருக்கும். இதைச் செய்தது லென்ஸ் இல்லை, நீங்கள் பின்னால் நடந்த 280 மீட்டர். அதே இடத்தில் 40 மி.மீ. லென்ஸில் எடுத்து நடுப்பகுதியை மட்டும் வெட்டிப் பெரிதாக்கினாலும் அதே அமைப்புத்தான் கிடைக்கும். புள்ளிகள் கரடுமுரடாக இருக்கும், அவ்வளவே.

ஆக லென்ஸ் ஒரு கத்தரிக்கோல். 'கிராப் சென்சார்' பாடிகள் 300 மி.மீ. லென்ஸை 450 ஆக்கித் தருகின்றன என்று கடைக்காரர் சொல்வதும் இதே கத்தரிக்கோல் வேலைதான். ஒன்றரை மடங்கு பெருக்கம் என்பது ஓரங்களை அறுத்துப்போட்டதற்கு இன்னொரு பெயர். அறுத்துப்போட்ட ஓரத்தில் யார் நின்றுகொண்டிருந்தார்கள் என்று கேட்பது விமர்சகனின் வேலை.

இதிலிருந்து இன்னொன்றும் வருகிறது. லென்ஸ் வாங்குகிறவர் கண்ணாடியை வாங்குவதாக நினைத்துக்கொண்டு உண்மையில் நிற்கும் இடத்தை வாங்குகிறார். மூன்று கிலோ லென்ஸை, ஒரு கிலோவை ஒட்டிய பாடியோடு, மணிக்கணக்காகக் கையில் பிடிக்க முடியாது. முக்காலியோ ஒற்றைக்காலோ வேண்டும். அது நிற்க உறுதியான தரை வேண்டும். எண்ணூர்க் கழிமுகத்தில் உறுதியான தரை என்பது சாலையும் பாலமும்தான். மற்றதெல்லாம் சேறு, அல்லது சாம்பல். ஆகவே காரை நிறுத்திய இடத்திலிருந்து பத்தடிக்குள் லென்ஸ் நிலைகொள்கிறது. எடைதான் இடத்தைத் தேர்ந்தெடுக்கிறது, இடம்தான் படத்தைத் தேர்ந்தெடுக்கிறது. முதல் குவியலின் அழகுக்கு அடியில் தார்ச்சாலை இருக்கிறது.

*

ஆனால் 'கிட்டப் போ' என்று சொல்லிவிட்டால் பிரச்சனை தீர்ந்துவிடுமா? நம்மூர் வரலாறு அப்படிச் சொல்லவில்லை.

1876–78 தாது வருஷப் பஞ்சம். மதராஸ் குதிரைப்படை அதிகாரி வில்லோபி வாலஸ் ஹூப்பர் எடுத்த பஞ்சப் படங்களைப் பார்க்காதவர்கள் குறைவு. விலா எலும்புகள் எண்ணத்தக்க உடல்களைக் குடும்பம் குடும்பமாக உட்காரவைத்தும் நிற்கவைத்தும் எடுத்தவை. அப்போது இன்றைய பொருளில் தொலை லென்ஸ் கிடையாது. ஹூப்பர் சில அடி தூரத்தில்தான் நின்றிருக்கிறார். தொட்டுவிடும் தூரம். அதைவிடக் கிட்டப் போக முடியாது. ஆனால் அந்தப் படங்களில் இருக்கிற தூரத்தை எந்த 600 மி.மீ. லென்ஸும் உண்டாக்கிவிட முடியாது. உட்காரவைத்தவர் சொன்னால் எழுந்து போக முடியாத நிலையில் இருப்பவர்கள் அவர்கள். படம் எடுத்து முடித்ததும் சோறு கொடுக்காமல் அனுப்பினார் என்ற குற்றச்சாட்டு இன்றுவரை அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதே ஹூப்பர் 1886இல் மாண்டலேயில் இராணுவக் காவல் அதிகாரியாக இருந்தபோது, மரண தண்டனை பெற்றவர்கள்மேல் குண்டு பாயும் கணத்தைப் படம்பிடிப்பதற்காகச் சுடும் உத்தரவையும் கேமராவையும் ஒரே தாளத்தில் இயக்கப் பார்த்தார் என்று ஊழலாகி, விசாரணை வரை போனது.

ராயபுரத்துக்காரர்களுக்கு இது தொலைதூரச் செய்தியில்லை. ஸ்டான்லி மருத்துவமனையை இன்றும் வயதானவர்கள் 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்பார்கள். 1782 பஞ்சத்தில் தொடங்கிய மணியக்காரர் சத்திரத்தின் கஞ்சித்தொட்டி அது. பக்கிங்ஹாம் கால்வாயில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் துண்டு தாது வருஷப் பஞ்சத்தில் கூலிக்கு வெட்டப்பட்டது. பெயர் அப்போதைய கவர்னருடையது, உடம்பு பஞ்சத்துக்காரர்களுடையது. 2023இல் எண்ணெயைச் சுமந்துகொண்டு எண்ணூருக்கு வந்தது அதே கால்வாயின் வடபகுதி. கேமராவின் வரலாறும் கால்வாயின் வரலாறும் ஒரே பஞ்சத்தில் ஒருமுறை சந்தித்துக்கொண்டன என்பதை மறந்துவிட்டு இன்றைய படங்களைப் பேச முடியாது.

ஹூப்பர் காலத்தில் எடை யார் தலையில் இருந்தது என்பதையும் கேட்க வேண்டும். ஈரக் கண்ணாடித் தட்டு முறையில் தட்டு காய்வதற்குள் எடுத்துக் கழுவியாக வேண்டும். கேமரா, முக்காலி, கண்ணாடித் தட்டுகள், ரசாயனப் பெட்டி, இருட்டுக் கூடாரம் எல்லாம் கூடவே போகும். தூக்கியவர்கள் கூலிகள். படத்துக்கு உள்ளே இருந்தவர்களும் வெளியே சுமந்தவர்களும் ஒரே சாதிக் கூட்டத்திலிருந்து வந்திருக்கலாம் என்று நினைக்க எனக்குத் தோன்றுகிறது. ஆவணம் கேட்டால் என்னிடம் இல்லை.

*

தொலை லென்ஸ் பிறந்தது 1891இல். லண்டனில் டாள்மேயர், பெர்லினில் மீத்தே, மியூனிக்கில் ஸ்டைன்ஹைல் என்று மூன்று பேர், ஒருவருக்கொருவர் தொடர்பில்லாமல், ஒரே ஆண்டில் ஒரே யோசனையை அடைந்தார்கள். முன்னால் குவிக்கும் கண்ணாடித் தொகுதி, பின்னால் விரிக்கும் தொகுதி. இதனால் குழாயின் நீளம் குவியத் தூரத்தைவிடக் குறைந்துவிடுகிறது. 'டெலிஃபோட்டோ' என்ற சொல்லின் சரியான பொருள் இந்தக் குறுக்கல்தான். வெறுமனே நீளமான லென்ஸை எல்லாம் அப்படிச் சொல்வது நம் பழக்கம்.

மூன்று நாட்டில் ஒரே ஆண்டில் ஒரே தேவை எப்படி எழுந்தது? அறிவு தானாகப் பழுத்தது என்று சொல்வார்கள். எனக்குத் தோன்றுவது, பார்க்கப்படுகிறவரின் கைக்கு எட்டாத தூரத்தில் நின்று பார்ப்பது என்பது அந்தப் பத்தாண்டுகளின் ஐரோப்பாவுக்கு ஒரு பொதுத் தேவையாகிவிட்டிருந்தது. அதற்கு முன்பே, 1882இல், பிரெஞ்சு உடலியலாளர் மரே துப்பாக்கி வடிவிலேயே ஒரு கேமரா செய்துவிட்டார். தோளில் கட்டையை ஊன்றி, குறிபார்த்து, விசையை இழுத்தால் நொடிக்கு 12 படம். சுட்டது பறவைகளை. அதே காலத்தில் அவர் பறக்கும் கூழைக்கடா ஒன்றின் சிறகசைவை ஒரே தட்டில் அடுக்கடுக்காகப் பதித்த படம் இன்றும் பாடப் புத்தகங்களில் வருகிறது. கூழைக்கடாவுக்கும் குறிபார்க்கிற கண்ணாடிக்கும் உள்ள உறவு எண்ணூரில் தொடங்கியதல்ல. இரண்டாம் உலகப்போரின்போது சோவியத் நாட்டில் இராணுவத்துக்காகத் துப்பாக்கிக் கட்டையில் பொருத்திய தொலை லென்ஸ் கேமரா ஒன்றைச் செய்தார்கள். போருக்குப் பின் 1960களில் அதையே 'ஃபோட்டோ ஸ்னைப்பர்' என்று பொதுமக்களுக்கு விற்றார்கள். பெயரைக்கூட மறைக்கவில்லை.

சூசன் சோன்டாக் 1977இல் வந்த தம் நூலில், கேமராவோடு சேர்ந்து வரும் ஆங்கில வினைச்சொற்கள் துப்பாக்கியிலிருந்து வந்தவை என்பதைக் கவனப்படுத்தினார். நிரப்பு, குறிபார், சுடு. நம் சிந்தனையாளர்கள் பலரும் இதை அப்படியே தமிழுக்கு இறக்குமதி செய்துகொண்டு கேமராவும் துப்பாக்கியும் ஒன்று என்று எழுதிவிட்டார்கள். தமிழில் நாம் படத்தைச் சுடுவதில்லை. எடுக்கிறோம், பிடிக்கிறோம். படம் புடிக்கிறது, மீன் புடிக்கிறது. எண்ணூர்க் கழிமுகத்தில் பிடிப்பதற்கு ஒரு ஒழுங்கு இருக்கிறது, 'பாடு' என்பார்கள். யார் எந்த நாள் எந்த இடத்தில் வலை கட்டலாம் என்று ஊர் கூடி முறைவைத்துக்கொள்வது. முறை இல்லாத நாளில் வலையை இறக்கினால் பஞ்சாயத்து. பிடித்தல் என்பது இங்கே உரிமையும் கட்டுப்பாடும் சேர்ந்த சொல். பாலத்தின்மேல் நின்று படம் பிடிக்கிறவருக்கு எந்தப் பாடும் கிடையாது. அவர் என்றைக்கும் வரலாம், எதையும் பிடிக்கலாம். துப்பாக்கி உவமையைவிட இந்த வித்தியாசம் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

*

சுதந்திரத்துக்குப் பிறகு இந்தியாவில் நீண்ட லென்ஸ் என்பது கிடைக்காத சாமான். இறக்குமதிக் கட்டுப்பாடு. ஃபிலிம் செய்ய 1960இல் ஊட்டியில் அரசே ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் தொடங்கியது. 'இந்து' என்ற பெயரில் வந்த அந்தக் கறுப்பு வெள்ளைச் சுருளில்தான் ஒரு தலைமுறையின் கல்யாணங்களும் ஊர்வலங்களும் பதிவாகின. லென்ஸுக்கு அப்படி ஒரு ஏற்பாடு நடக்கவில்லை. ஆகவே கைவைத்தியம்.

கைவைத்தியத்தின் உச்சம் மா. கிருஷ்ணன் (1912–1996). நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். தமிழிலும் ஆங்கிலத்திலும் இயற்கை பற்றி எழுதியவர். 1950 முதல் சாகும்வரை 'ஸ்டேட்ஸ்மன்' இதழில் பத்தி எழுதினார். மதராஸில் இருந்துகொண்டு, ஒரு கம்பெனியின் பாடி, வேறொரு கம்பெனியின் தொலை லென்ஸ், தானே செய்த இணைப்புகள் எல்லாவற்றையும் ஒட்டுப்போட்டு ஒரு கேமராவை உருவாக்கினார். அதற்கு 'சூப்பர் பாண்டெரோசா' என்று பெயரும் வைத்தார். பாரம் என்பதையே பெயராக்கிய கிண்டல். அதைச் சுமந்துகொண்டு கால்நடையாகவும் கும்கியின் முதுகில் ஏறியும் காட்டுயானைகளைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தார். அவருடைய யானைப் படங்களில் பின்னணி கரைந்துபோவதில்லை. மூங்கில், புல், நிழல் எல்லாம் யானையோடு சேர்ந்தே இருக்கின்றன. பறவையை அதன் தண்ணீரிலிருந்து பிரித்தெடுக்கிற இன்றைய பால்வெள்ளைப் பின்னணியோடு ஒப்பிட்டால் இது வேறொரு பார்வை. எடை இருந்தும் அவர் சாலையில் நிற்கவில்லை என்பதையும் நான் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. மேலே சொன்ன என் வாதத்துக்கு இது ஒரு அடி. இருக்கட்டும்.

வடசென்னைக்குக் கேமரா வேறு வழியில் வந்தது. பர்மாவிலிருந்து துரத்தப்பட்டு வந்த தமிழர்களுக்காக 1969இல் கடற்கரை ரயில் நிலையத்தை ஒட்டிப் பர்மா பஜார் உருவானது. துறைமுகம் எதிரே. கப்பலில் வந்ததும் வராததுமாக வெளிநாட்டுச் சாமான்கள் அங்கே கைமாறின. ஜப்பான் கேமராக்கள் உட்பட. ரசீது கிடையாது, உத்தரவாதம் கிடையாது, பேரம் உண்டு. ஹூப்பர் கேமராவோடு போன பர்மாவிலிருந்து அகதியாகத் திரும்பியவர்கள் மதராஸுக்குக் கேமரா விற்றார்கள் என்பதில் நான் எந்தக் குறியீட்டையும் தேடவில்லை. சாமான்கள் பேரரசு போட்ட பாதையில்தான் பயணம் செய்கின்றன, அதன் விளைவுதான் இது. 1991க்குப் பிறகு கடைகளில் நேரடியாகவே எல்லாம் கிடைக்க, பஜாரின் மவுசு குறைந்தது.

டிஜிட்டல் வந்ததை வேகமாகக் கடந்துவிடலாம். 1999இல் நிக்கான் டி1, 27 லட்சம் புள்ளிகள்தான். 2003இல் கேனன் 300டி, நடுத்தர வர்க்கம் தொடக்கூடிய விலையில். எங்கள் பகுதிக்கு உண்மையில் முக்கியமான ஆண்டு 2007. நிக்கான் டி3 பாடி ஐ.எஸ்.ஓ. 6400இல் பார்க்கத்தக்க படம் தந்தது. காசிமேட்டில் ஏலம் நடப்பது விடிவதற்கு முன். விசைப்படகிலிருந்து கூடை இறங்குவதும், பெண்கள் சுற்றிநின்று விலை கேட்பதும், ஐஸ் உடைப்பதும் எல்லாம் விளக்கு வெளிச்சத்தில். அதுவரை ஃபிளாஷ் அடித்தால்தான் படம். ஃபிளாஷ் அடித்தால் அத்தனை முகமும் திரும்பிவிடும். மெகாபிக்சல் எத்தனை என்று கேட்டு பாடி வாங்குகிறவர்களிடம் நான் சொல்வது இதைத்தான்: இருட்டில் உழைக்கிறவர்களைப் பிடிக்க வேண்டுமானால் இருட்டில் பார்க்கிற சென்சாரைக் கேள். அடுத்தது, தூசிக்கு அடைப்பு உள்ள பாடியா என்று கேள். அனல்மின் நிலையச் சாம்பல் பறக்கிற இடத்தில் லென்ஸைக் கழற்றி மாட்டினால் சாம்பல் சென்சாரில் குடியேறும். கடற்காற்றின் ஈரமும் உப்பும் போதாதென்று லென்ஸுக்குள் காளான் பூத்துவிடும். எங்கள் கூட்டத்தில் ஒருவர் தம் லென்ஸைச் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு முறுக்கு டப்பாவில் வைத்திருக்கிறார். பழைய காலத்து ஈய அடைப்பு டப்பா. நன்றாகத்தான் இருக்கிறது.

*

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்கு இரண்டு நாள் கழித்துக் கடலூரில் ராய்ட்டர்ஸ் படக்காரர் ஆர்கோ தத்தா எடுத்த படம் அந்த ஆண்டின் உலகப் பத்திரிகைப் பட விருதைப் பெற்றது. மணலில் குப்புற விழுந்து கைவிரித்து அழும் பெண். ஓரத்தில், செத்துப்போன உறவினரின் கை மட்டும். முகத்தை வெட்டிவிட்டுக் கையை மட்டும் சட்டத்துக்குள் விட்டிருக்கிறார். கத்தரிக்கோல் இங்கே ஒரு மரியாதையாக வேலை செய்கிறது. ஆனால் அந்தப் பெண்ணிடம் யாரும் கேட்டிருக்க முடியாது, கேட்கிற நிலையிலும் அவர் இல்லை. நெருக்கமும் சம்மதமும் ஒன்றல்ல என்பது ஹூப்பர் காலத்திலிருந்து தீராத பிரச்சனை.

2017 ஜனவரி 28. எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே பி.டபிள்யூ. மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற இரண்டு கப்பல்கள் மோதின. பெரிய பாதிப்பில்லை என்ற தோரணையில்தான் முதல் அறிவிப்புகள் வந்தன. கரையில் ஒதுங்கிய கறுப்புக் குழம்பு வேறு சொன்னது. அப்போது பரவிய படங்கள் வாளிகளின் படங்கள். உலக வல்லரசாகப் போகிற நாடு எண்ணெயை வாளியில் அள்ளுகிறது. அந்தப் படங்களை எடுக்க எந்தக் கனமான லென்ஸும் தேவைப்படவில்லை. அறிக்கையை அவை ஓரளவு தோற்கடித்தன. அதே ஜனவரியில் டி.எம். கிருஷ்ணா பாடிய 'சென்னை புறம்போக்குப் பாடல்' காணொளி வந்தது. சாம்பல் மேடும் புகைபோக்கியும் பின்னால் நிற்க ஒரு கர்னாடக சங்கீதக்காரர் எண்ணூரில் நின்று பாடினார். இங்கே தூரம் வேறுவிதமாகக் குறைந்தது: எண்ணூருக்கும் மயிலாப்பூருக்கும் இடையிலான தூரம்.

மேலே சொன்ன படகு, புகைபோக்கி உதாரணத்துக்கு இப்போது திரும்புகிறேன். தொலைவில் நின்று எடுத்து, புகைபோக்கியைப் படகின் முதுகில் ஏற்றிவைத்த படங்களைக் காட்டினால், "இது லென்ஸ் வித்தை, மிகைப்படுத்தல்" என்று சொல்கிற அதிகாரிகளைப் பார்த்திருக்கிறேன். ஆப்டிக்ஸ்படி அவர்கள் சொல்வதற்கு இடம் இருக்கிறது. ஆனால் துணியை உள்ளே எடுக்காமல் விட்டால் சாம்பல் படிகிற வீட்டிலிருந்து பார்க்கிறவருக்குப் புகைபோக்கி 2 கிலோமீட்டரில் இல்லை, கொடியில் இருக்கிறது. கிட்ட நின்று எடுத்த 'நேர்மையான' படத்தில் அது தீக்குச்சியாகிவிடும். நீண்ட லென்ஸ் பொய் சொல்கிறது என்றும் குட்டை லென்ஸ் உண்மை சொல்கிறது என்றும் பிரிக்கிற சௌகரியம் நமக்கு இல்லை.

மதில் விஷயமும் இருக்கிறது. துறைமுகம், ஆலை, மின்நிலையம் எல்லாம் மதிலுக்குள் இருப்பவை. 1923ஆம் ஆண்டின் அலுவல் ரகசியச் சட்டத்தில் 'வரைபடம்' என்ற சொல்லுக்குள் புகைப்படமும் அடங்கும் என்று எழுதிவைத்திருக்கிறார்கள், வெள்ளைக்காரன் போனபின்னும் அது அப்படியே இருக்கிறது. சட்டம் எங்கே பொருந்தும் எங்கே பொருந்தாது என்பதெல்லாம் வாசல் காவலாளிக்குத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை, கையைக் காட்டினால் போதும். ஒருமுறை பொதுச்சாலையில் நின்று ஒரு ஆலையின் கழிவுநீர்க் குழாயை எடுத்ததற்கு அரைமணி நேரம் நிறுத்திவைக்கப்பட்டேன். மெமரி கார்டை அழித்துக் காட்டிய பிறகுதான் விட்டார்கள். அந்த மதிலுக்குள்ளிருந்து எங்கள் குப்பங்களைப் பார்க்க எத்தனை கேமராக்கள் கம்பத்தில் தொங்குகின்றன என்று எண்ணிப்பாருங்கள். ஃபூக்கோவைப் படித்தவர்கள் அந்தக் கோபுரத்தை வாசலில் பார்க்கலாம்.

ஆகவே எங்கள் சண்டையில் 600 மி.மீ. கேட்டவரையும் நான் தள்ளிவிட முடியவில்லை. கிட்ட வரவிடாதவர்களைப் பார்க்க நீண்ட லென்ஸ் வேண்டும். அது மேலிருந்து கீழே பார்ப்பதற்கென்று செய்த கருவி, ஆனால் கீழேயிருந்தும் திருப்பலாம். சாம்பல் குழாய் எங்கே உடைந்திருக்கிறது, கழிமுகத்தின் எந்த மூலையில் மண் கொட்டுகிறார்கள் என்பதற்குச் சான்று வேண்டியிருக்கிறது. மதில் இல்லாதவர்களை, கதவே இல்லாத வீட்டு வாசலில் உட்கார்ந்து வலை பின்னுகிறவர்களை, பாலத்திலிருந்து 600 மி.மீ. லென்ஸில் எடுப்பது மட்டும் கோழைத்தனம்.

இந்த வித்தியாசத்தை எழுதாமலே செய்து காட்டிக்கொண்டிருப்பவர் பழனிக்குமார். மதுரையில் மீன் விற்ற தாயின் மகன். மலக்குழி மரணங்களைப் பற்றிய 'கக்கூஸ்' (2017) ஆவணப்படத்தின் ஒளிப்பதிவாளர். 2022இல் தயானிதா சிங்–பாரி ஆவணப்பட விருதை முதலில் பெற்றவர். வடசென்னையின் மீனவர், தூய்மைப் பணியாளர் வீட்டுப் பிள்ளைகளிடம் கேமராவைக் கொடுத்துக் கற்றுக்கொடுத்து வருகிறார். அந்தப் பிள்ளைகளின் படங்களில் நான் கவனித்தது ஒன்றுதான். யாரும் கேமராவைப் பார்த்து விறைத்துக்கொள்வதில்லை. எடுக்கிறது அவர்கள் பிள்ளை.

எண்ணெய்க் கசிவுக்கு அரசு அறிவித்த நிவாரணம் 8.68 கோடி ரூபாய். மீனவக் குடும்பத்துக்கு 12,500, படகுக்கு 10,000. படகு சேதமானதற்குப் படம் வேண்டும் என்று கேட்கிற இடங்களில் பிள்ளைகளின் கைபேசிப் படம்தான் உதவியிருக்கும். கூழைக்கடாவின் கண் அங்கே செல்லுபடியாகாது.

*

வாடகை லென்ஸோடு நான் எண்ணூர்ப் பாலத்தில் நின்றது 2024 ஜனவரியில், ஒரு நண்பகல். முக்காலியைப் போட்டு ஒரு கூழைக்கடாவைத் துரத்திக்கொண்டிருந்தேன். அலுமினியக் கூடையோடு வந்த ஒரு அம்மா பக்கத்தில் நின்றார். அறுபது வயதிருக்கும்.

"இன்னா தம்பி, இந்தக் கொழா பறவைய மட்டும்தான் பாக்குமா?"

"எல்லாத்தையும் பாக்கும்மா. நீங்களே பாருங்க."

கூடையை இறக்கிவைத்துவிட்டு ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தார். பறவையின்மேல் அவர் நிற்கவில்லை. குழாயைத் தாமாகவே மெதுவாக மேற்கே திருப்பினார். என் கை பதறியது, வாடகைச் சாமான்.

"அங்க ஒரு பைப்பு இருக்குது. எங்க தொறக்குதுன்னு இதுல தெரியுமா?"

அவர் சொன்ன பக்கம் திருப்பி 600 வரை நீட்டினேன். வெயில் ஏறியிருந்தது. தண்ணீருக்கு மேலே காற்று கொதித்துக்கொண்டிருந்தது. மதில், செடி, குழாய் எல்லாம் தண்ணீருக்குள் பார்ப்பதுபோல நெளிந்தன. இந்த நேரத்தில் எத்தனை லட்சம் ரூபாய் லென்ஸாக இருந்தாலும் இதுதான் நிலை. நடுவில் இருக்கிற காற்றை எந்தக் கண்ணாடியும் அறுக்காது. அதைச் சொன்னேன்.

"அப்போ இத்த வெச்சிட்டு வா" என்றார். "காலைல ஆறு மணிக்கு எம் பையன் போட்டு எடுப்பான். கிட்டப் போயே பாக்கலாம். தண்ணி வத்தறதுக்குள்ள வந்துரணும், ஆமா."